கை தூக்கியவள்

நவம்பர் 22, சனி

ஆட்டம் முடிந்த அன்றைக்கே நோட்டில் எழுதிவிட வேண்டும் என்பது சங்கிலி சார் உத்தரவு. முழுப்பெயர் சங்கிலிபாண்டியன், எங்கள் பள்ளிக்கூடத்து பி.டி. சார். ஜூன் மாதம் ஹாக்கி டீமில் இருக்கிற பதினாறு பேருக்கும் ஆளுக்கொரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக் கொடுத்தார். "ஆட்டத்துல நீ செஞ்ச தப்ப மட்டும் எழுது. அடுத்தவ தப்ப எழுதாத. நான் வாங்கிப் படிக்க மாட்டேன்" என்றார். பதினைந்து பேர் அதில் ரஃப் கணக்குப் போடுகிறார்கள். நான் ஒருத்திதான் எழுதுகிறேன். படிக்க மாட்டேன் என்று சொல்லுகிற வாத்தியார்தான் ஒருநாள் கேட்டு வாங்குவார்.

இன்றைக்குத் திருநெல்வேலியில் ஃபைனல். 2-1 தோற்றுப்போனோம்.

என் தப்புகள்: முதல் பாதியில் இரண்டு தடவை பந்தை யாருக்கும் கொடுக்காமல் வைத்துக்கொண்டு நின்றேன். இடைவேளையில் தண்ணீர் சரியாகக் குடிக்கவில்லை. வேறு இல்லை.

தோற்றதற்குக் காரணம் ஜெனிலா. அடுத்தவள் தப்பை எழுதக் கூடாதுதான். நடந்ததை எழுதாவிட்டால் பிறகு நோட்டு எதற்கு? நானும் அவளும் பேக். கோல்கீப்பருக்கு முன்னால் நிற்கிற கடைசி இரண்டு பேர் நாங்கள்தான். ஆட்டம் முடிய மூன்று நிமிஷம் இருக்கிறது, 1-1. கோலுக்கு முன்னால் போட்டிருக்கிற அரைவட்டத்தை டி என்போம். அதற்குள் ஏழெட்டுப் பேர் கும்பலாக முட்டிக்கொண்டு நிற்கும்போது பந்து ஒரு காலில் பட்டுத் திரும்பியது. ஹாக்கியில் பந்து காலில் படக் கூடாது. டி-க்குள் நம் ஆள் காலில் பட்டால் எதிராளிக்குப் பெனால்ட்டி கார்னர், பாதி கோலைத் தட்டில் வைத்துக் கொடுத்த மாதிரி. நல்லவேளை, அம்பயர் மறைவில் நின்றார். விசில் வரவில்லை. பந்து என் மட்டைக்கு வந்துவிட்டது. ஓங்கி ஒரு அடி அடித்திருந்தால் ஆட்டம் அந்தப் பக்கம் போயிருக்கும். அதற்குள் ஜெனிலா ஆடுவதை நிறுத்திவிட்டுக் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறாள்.

அம்பயரே ஒரு நொடி முழித்தார். அப்புறம் விசில். பெனால்ட்டி கார்னர். கோல்.

எல்லாம் பழக்கதோஷம். எங்கள் மைதானத்தில் சாயங்கால பிராக்டிஸுக்கு அம்பயர் கிடையாது. காலில் பட்டால் பட்டவளே கையைத் தூக்கி, "கால்" என்று சொல்லி நிற்க வேண்டும். அந்தப் பழக்கத்தைக் கொண்டுபோய் ஃபைனலிலா காட்டுவாள்?

திரும்பி வரும்போது வேனில் யாரும் அவளோடு பேசவில்லை. கயத்தாறு தாண்டியதும் சார் மட்டும் முன் சீட்டில் இருந்து திரும்பி, "ஒன் கால்ல பட்டா வாய மூடிட்டு ஆடணும்ட்டி. விசில் ஊதுறதுக்கு ஒருத்தன் சம்பளம் வாங்கிட்டு நிக்கான்லா" என்றார். அவள், "சரி சார்" என்றாள். அதற்கு மேல் வாயைத் திறக்கவில்லை. நான் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தேன்.

நவம்பர் 23, ஞாயிறு

இடது கால் கட்டைவிரல் வீங்கியிருக்கிறது. வேனில் இருந்து இறங்கும்போது கல் தடுக்கியது.

நவம்பர் 24, திங்கள்

அம்மா தீப்பெட்டி ஆபீஸுக்குக் கிளம்புகிற அவசரத்திலும் விரலைப் பார்த்துவிட்டாள். மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பற்றுப் போட்டாள். கல் தடுக்கினால் நகம் பெயரும், தோல் உரியும், இப்படி நகத்துக்குள்ளே ரத்தம் கட்டாது என்றாள். பந்து பட்டதா என்று கேட்டாள். கல்தான் என்றேன். அவளுக்கு எல்லாம் தெரிந்த மாதிரி பேசுவாள். அவள் என்ன டாக்டரா?

ஷூவிலும் தப்பு இருக்கிறது. இடது ஷூ முன்பக்கம் பிய்ந்து மூன்று மாதம் ஆகிறது. அப்பா அடுத்த லோடு போய் வந்ததும் வாங்கலாம் என்கிறார். லாரிக்காரர்களுக்கு எல்லாமே அடுத்த லோடுதான்.

நவம்பர் 25, செவ்வாய்

ஜெனிலாவுக்குப் பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள்: "கைதூக்கி". கிளாஸில் டீச்சர் கேள்வி கேட்டால் நாலு பேர் சேர்ந்து, "ஜெனிலா தூக்குவா டீச்சர்" என்கிறார்கள். கோமதி டீச்சர் கணக்குப் போடுவதை நிறுத்திவிட்டு எதற்குச் சிரிக்கிறீர்கள் என்றார். நானும் சிரித்தேன். சிரிக்காமல் இருந்தால் நீ ஏன் சிரிக்கவில்லை என்று கேட்பார்கள்.

நவம்பர் 28, வெள்ளி

இதைக் கொஞ்சம் விவரமாக எழுத வேண்டும்.

டிசம்பர் கடைசியில் மதுரையில் கேம்ப். அதில் எடுபட்டால் மாநில அணி, அதோடு பிளஸ் ஒன்னுக்கு ஸ்போர்ட்ஸ் ஹாஸ்டலில் இடம். எங்கள் பள்ளிக்கூடத்தில் இருந்து மூன்று பேரை அனுப்பலாம், அதில் பேக் ஒருத்திதான். ஜெனிலா என்று போன மாதமே முடிவாகி இருந்தது. என்னைவிட அவள் நல்ல பிளேயர். இதை எழுத எனக்கு ஒன்றும் கூச்சம் இல்லை.

இன்று பிராக்டிஸ் முடிந்ததும் சார் எல்லோரையும் உட்கார வைத்தார். நெருக்கடியில் மூளை தெளிவாக இருக்கிறவளைத்தான் அனுப்ப முடியும் என்று தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். பிறகு, "பேக், முத்துப்பேச்சி" என்றார்.

நான்தான் முத்துப்பேச்சி.

எல்லோரும் கை தட்டினார்கள். ஜெனிலாவும் தட்டினாள். என் விரல் ஷூவுக்குள் விண்விண் என்று தெறித்தது.

ஒரு நிபந்தனையும் இருக்கிறது. பத்தாம் வகுப்பில் பெயில் மார்க் வாங்குகிற பிள்ளையை மட்டையோடு ஊர் சுற்ற அனுப்ப மாட்டேன் என்று எச்.எம். சொல்லிவிட்டார். அரையாண்டுப் பரீட்சையில் கணக்கில் முப்பத்தைந்து எடுக்க வேண்டும். போன டெஸ்ட்டில் நான் இருபத்திரண்டு. டிசம்பர் 19, வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குள் சார் எங்கள் பெயரைக் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். அதற்கப்புறம் யார் காலில் விழுந்தாலும் மாற்ற முடியாது.

வீட்டுக்கு வந்து சொன்னதும் அம்மா அழுதுவிட்டாள். எனக்கும் அழுகை வந்தது. அம்மா அதைச் சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டாள்.

டிசம்பர் 1, திங்கள்

ஜெனிலா வீட்டுக்கு வந்தாள். வாசலில் சைக்கிளை நிறுத்திவிட்டு, "கணக்குச் சொல்லித் தாரேன். வடிவியல்ல ஆரம்பிப்போம்" என்றாள். நான் கூப்பிடவே இல்லை. போன டெஸ்ட்டில் தொண்ணூற்றொன்று எடுத்தவள் தானாக வந்து நின்றால் வேண்டாம் என்றா சொல்ல முடியும்?

இரண்டு மணி நேரம் சொல்லிக்கொடுத்தாள். எழுந்து போகும்போது என் காலைப் பார்த்து, "வீட்டுக்குள்ள எதுக்குட்டி சாக்ஸ் போட்டிருக்க?" என்றாள். கொசு கடிக்கிறது என்றேன். சரி என்று போய்விட்டாள்.

டிசம்பர் 4, வியாழன்

சாக்ஸோடு படிப்பது கஷ்டமாக இருக்கிறது.

டிசம்பர் 7, ஞாயிறு

காலையில் மழை. மைதானம் சேறு. மத்தியானம் ஜெனிலா நனைந்துகொண்டே வந்தாள். அம்மா அவளுக்குத் தலை துவட்டிவிட்டு, சொந்த அக்கா தங்கச்சிகூட இப்படிச் செய்ய மாட்டார்கள் என்றாள். என்னைப் பார்த்து, நன்றியோடு இரு என்றாள். நான் தண்ணீர் குடிக்கப் போனேன்.

நிழலை வைத்துக் கோபுரத்தின் உயரம் கண்டுபிடிக்கிற கணக்கு. மூன்று தடவை சொன்னாள். மூன்று தடவையும் தலையை ஆட்டினேன். நாலாவது தடவை என்னைப் போடச் சொன்னாள். பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் கோபப்படவில்லை. "தெரியலன்னா தெரியலன்னு சொல்லு. ஒண்ணும் நடக்காத மாதிரி மூஞ்சிய வச்சுக்கிடாத" என்றாள்.

கணக்கைப் பற்றித்தான் சொன்னாள்.

டிசம்பர் 9, செவ்வாய்

நோட்டைப் பையில் வைத்துக்கொண்டே அலைகிறேன். சார் கேட்கவே இல்லை.

டிசம்பர் 11, வியாழன்

இன்று மைதானத்தில் சண்டை. எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி காலில் பந்து பட்டது. எல்லோரும் பார்த்தோம். அவள் கையைத் தூக்காமல் ஆடிக்கொண்டே போனாள். ஏன்ட்டி என்று பிடித்து நிறுத்தினால், கை தூக்கினவளுக்கு என்ன கிடைத்தது என்றுதான் பார்த்தோமே என்கிறாள். இப்போதெல்லாம் யாருமே தூக்குவதில்லை. பட்டது, படவில்லை என்று பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் ஆட்டம் நிற்கிறது. கடைசியில் சார் தானே விசிலை மாட்டிக்கொண்டு ஓட வேண்டியதாகிவிட்டது. ஐம்பது வயசு மனுஷன். மூச்சு வாங்குகிறது.

ஜெனிலா கோட்டுக்கு வெளியே நின்று வெளியில் போகிற பந்தை எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். பேக்காக என்னையும் இன்னொருத்தியையும் போட்டுப் பழக்குகிறார் சார்.

டிசம்பர் 12, வெள்ளி

எழுதிவிடுகிறேன்.

கல் இல்லை. பந்துதான். என் கால்தான்.

பிய்ந்த ஷூ வழியாக நேராகக் கட்டைவிரலில் வந்து விழுந்தது. கண்ணில் பூச்சி பறந்தது. படவே இல்லை, தெரியவே இல்லை என்றெல்லாம் சொல்ல முடியாது. பட்ட அந்த நொடியே அம்பயரைத்தான் பார்த்தேன். அவர் பார்க்கவில்லை என்று தெரிந்ததும் மட்டையை ஓங்கினேன். அப்போதுதான் பக்கத்தில் அவள் கை மேலே போனது.

முதல்நாள் எங்கள் மைதானத்துப் பழக்கத்தைப் பாதிதான் எழுதினேன். பட்டவள் கையைத் தூக்க வேண்டும். அவள் தூக்காவிட்டால், பக்கத்தில் நின்று பார்த்தவள் தூக்க வேண்டும். இந்த இரண்டாவது பாதியை எழுதியிருந்தால் நோட்டைப் படிக்கிற யாருக்கும் எல்லாம் விளங்கிவிடும். அதனால் விட்டுவிட்டேன். யாரும் படிக்காத நோட்டில்கூடப் பொய் எழுதியிருக்கிறேன். என்னை என்னவென்று சொல்வது?

அவள் காலில் பட்டது என்று அவள் யாரிடமும் சொல்லவில்லை. எல்லோரும் அப்படி எடுத்துக்கொண்டார்கள். வேனில் சார் திட்டும்போது நான் இரண்டு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். "என் கால் சார்." அவ்வளவுதான். வாயில் மண்ணா இருந்தது?

நாளை சாரிடம் சொல்லிவிடுவேன்.

டிசம்பர் 13, சனி

சார் லீவு.

டிசம்பர் 14, ஞாயிறு

சார் வீடு எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். நாளைக்குக் கணக்குப் பரீட்சை. முதலில் அதை எழுதி முடிக்கலாம். பெயிலாகிவிட்டால் சொல்ல வேண்டிய அவசியமே இருக்காது.

டிசம்பர் 15, திங்கள்

கோபுரக் கணக்கு அப்படியே வந்தது. போட்டுவிட்டேன்.

டிசம்பர் 18, வியாழன்

நாற்பத்தொன்று.

கோமதி டீச்சர் பேப்பரைக் கையில் வைத்துக்கொண்டு என்னை எழுப்பி நிறுத்தினார். இருபத்திரண்டில் இருந்து நாற்பத்தொன்று, யார் சொல்லிக்கொடுத்தது, டியூஷன் போகிறாயா என்று கிளாஸ் முன்னால் கேட்டார். ஜெனிலா இரண்டு பெஞ்சு தள்ளி உட்கார்ந்திருந்தாள்.

"நானே படிச்சேன் டீச்சர்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? சத்தியமாக எனக்குத் தெரியவில்லை. அவள் பெயரைச் சொன்னால், அவளைப் பற்றி யாராவது இன்னொரு கேள்வி கேட்பார்கள், அது எங்கேயாவது கொண்டுபோய் விடும் என்று பயம். ஒன்றை மறைக்கப் போய் அவளிடம் இருந்து இன்னொன்றையும் பிடுங்கிவிட்டேன். டீச்சர் எனக்காகக் கிளாஸையே கை தட்ட வைத்தார். இந்தத் தடவை ஜெனிலா தட்டவில்லை. ஜாமெட்ரி பாக்ஸை மூடித் திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

டிசம்பர் 19, வெள்ளி

ஐந்து மணிக்குள் கம்ப்யூட்டரில் என் பெயர் ஏறிவிட்டது.

டிசம்பர் 20, சனி

இன்று காலை சாரிடம் சொன்னேன்.

மட்டைகள் வைக்கிற ரூமில் தனியாக உட்கார்ந்து ஒரு மட்டைக்குக் கைப்பிடித் துணி சுற்றிக்கொண்டிருந்தார். வாசலிலேயே நின்று எல்லாவற்றையும் சொன்னேன். விரல், ஷூ, மட்டையை ஓங்கியது, வேன். அவர் கை நின்றுவிட்டது. திட்டுவார் என்று நினைத்தேன். அடித்தால்கூட வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் போயிருந்தேன்.

லிஸ்ட்டை இனி மாற்ற முடியாது என்றார். துணியைச் சுற்றி முடித்து மட்டையைக் கீழே வைத்தார். பிறகு கேட்டார்.

"நேத்து அஞ்சு மணிக்கு முன்னால எங்கட்டி இருந்த?"

"கிரவுண்ட்லதான் சார்."

"நானும் கிரவுண்ட்லதான இருந்தேன்."

நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"அந்தப் புள்ளைய வேன்ல அத்தன பேர் முன்னால வச்சு..." என்று ஆரம்பித்துப் பாதியில் விட்டார். யார் கால் என்று ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லையே என்று தன் தலையில் தானே லேசாக அடித்துக்கொண்டார். என்னைப் போகச் சொன்னார்.

எழுத வேண்டியது இன்னும் ஒன்று இருக்கிறது. இதுதான் எல்லாவற்றிலும் கேவலம். லிஸ்ட்டை மாற்ற முடியாது என்று சார் சொன்னபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. மாற்ற முடியாது என்று தெரிந்த பிறகுதான் சொல்லப் போயிருக்கிறேன். சனிக்கிழமை லீவு, ஞாயிற்றுக்கிழமை பரீட்சைக்கு முந்தின நாள் என்று ஒவ்வொரு நாளாகத் தள்ளியது எல்லாம் தற்செயல் இல்லை. நோட்டைப் புரட்டிப் பார்த்தால் எனக்கே தெரிகிறது.

டிசம்பர் 22, திங்கள்

பிராக்டிஸுக்கு முன்னால் சார் எல்லோரையும் நிறுத்தி, ஃபைனலில் நடந்தது ஜெனிலா தப்பு இல்லை என்றும் தான்தான் விசாரிக்காமல் பேசிவிட்டதாகவும் சொன்னார். யார் தப்பு என்று சொல்லவில்லை. என் பக்கம் பார்க்கக்கூட இல்லை. சொல்லுகிற வேலையை எனக்கு வைத்துவிட்டார். பதினைந்து பேர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் ஷூ நாடாவைக் கட்டினேன். அது ஏற்கெனவே கட்டித்தான் இருந்தது.

டிசம்பர் 25, வியாழன்

காலையில் சர்ச் முடிந்து ஜெனிலா புதுச் சுடிதாரில் கேக்கும் அச்சுமுறுக்கும் கொண்டுவந்தாள். ஆறாம் வகுப்பில் இருந்து வருஷாவருஷம் கொண்டுவருவாள். இந்த வருஷம் வர மாட்டாள் என்று நினைத்திருந்தேன். அம்மா உள்ளே காப்பி போடப் போனாள். நான் குனிந்து சாக்ஸைக் கழற்றினேன். நகம் முழுக்கக் கறுத்து, ஒரு ஓரம் தூக்கிக்கொண்டு நின்றது.

"என் கால்தான்" என்றேன்.

"தெரியும். பக்கத்துலதான நின்னேன்."

"பின்ன ஏன் யார்ட்டயும் சொல்லல?"

"ஒன் காலுக்கு நான் எதுக்குச் சொல்லணும்? நீ தூக்குவன்னு ஒன் மூஞ்சியத்தான் பாத்தேன். நீ மட்டைய ஓங்குன. அதான் தூக்குனேன்."

கணக்கு எதற்குச் சொல்லிக்கொடுத்தாய் என்று கேட்டேன். தினமும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் என்றைக்காவது நானே சொல்லிவிடுவேன் என்று பார்த்தாளாம். பத்தொன்பதாம் தேதிவரை பார்த்தாளாம். அதைச் சொல்லும்போதுதான் முதல் தடவையாக அவள் குரல் உடைந்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நான் ஒண்ணும் ஒன்ன மன்னிக்கல. கேக்கத் தின்னு" என்றாள்.

தின்றேன். அவள் காப்பி குடிக்காமல் போய்விட்டாள். அவள் போன பிறகு அம்மாவிடம் சொன்னேன். அம்மா ரொம்ப நேரம் என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பற்றுப் போட்டபோதே கேட்டேனே என்று மட்டும் சொன்னாள்.

டிசம்பர் 26, வெள்ளி

டீமில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். வாட்ஸ்அப் குரூப்பில் எழுதாமல், மைதானத்தில் நேரில் நின்று சொன்னேன். யாரும் திட்டவில்லை. ஒருத்தி தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு வேறு பக்கம் போய் உட்கார்ந்தாள். அப்புறம் எல்லோருமே அந்தப் பக்கம் போய்விட்டார்கள். ஜெனிலா வரவில்லை.

டிசம்பர் 28, ஞாயிறு. மதுரை

நேற்று எங்கள் மூன்று பேரையும் பஸ் ஏற்றிவிட சார் வந்தார். பத்திரமாகப் போய் வா என்றார். ஜெனிலா வருவாள் என்று பஸ் கிளம்பும்வரை ஸ்டாண்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வரவில்லை. அவள் ஏன் வர வேண்டும்?

இங்கே முப்பத்தாறு பேர். எல்லோருக்கும் நல்ல ஷூ. இன்று காலை எங்களை இரண்டாகப் பிரித்து ஆடவிட்டார்கள். கேம்ப் கோச் ஒரு மேடம், கோட்டுக்கு வெளியே விசிலோடு நின்று, பெயர் பெயராகக் குறித்துக்கொண்டிருந்தார். முதல் பத்து நிமிஷம் நன்றாகவே ஆடினேன். அப்புறம் டி-க்குள் ஒரு பந்து, என் வலது ஷூ ஓரத்தை உரசிக்கொண்டு போனது. சும்மா உரசல்தான். சத்தம்கூட வரவில்லை. பந்து என் மட்டைக்கு வந்தது.

கையைத் தூக்கினேன். "கால்" என்றேன்.

ஆட்டம் அப்படியே நின்றது. மேடம் நடந்து உள்ளே வந்தார்.

"நான் விசில் ஊதினேனா?"

"இல்ல மேடம்."

"பின்ன எதுக்கு நிக்கிற? எவ சொல்லிக் குடுத்தா ஒனக்கு இத?"

"ஜெனிலா, மேடம்."

"யாரு அது, ஒங்க ஸ்கூல் கோச்சா?"

"இல்ல மேடம். எங்க டீம் பேக். கணக்கும் அவதான் சொல்லிக் குடுத்தா."

பக்கத்தில் இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். மேடம் சிரிக்கவில்லை. கையில் இருந்த தாளில் விரலை வைத்து மேலிருந்து கீழே தேடினார்.

"அப்படி ஒரு பேரே லிஸ்ட்ல இல்லையே."

"ஆமா மேடம். அவ இடத்துலதான் நான் வந்திருக்கேன்."

மேடம் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். தாளில் என்னவோ எழுதினார். என்னை வெளியே போய் உட்காரச் சொன்னார். ஆட்டம் முடிகிறவரை வெளியே உட்கார்ந்திருந்தேன். திரும்பக் கூப்பிடவில்லை. நாளை கூப்பிடுவார்களா என்று தெரியாது.

இன்றைய ஆட்டத்தில் என் தப்பு ஒன்றுதான். கையைத் தூக்குவதற்கு முன்னால், யாராவது பார்த்தார்களா என்று ஒருமுறை சுற்றிப் பார்த்தேன்.